நீலகிரி வரலாறு – 17: இரு கரையிலும் அந்நியர்

நீலகிரி மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து பறிப்போரில் பலர் இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அரசு ஆவணங்கள் இவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று குறிக்கின்றன. ஊர் வழக்கில் 'சிலோன்காரங்க'. இலங்கையில் இந்தியர் என்று கழிக்கப்பட்டவர்கள் இந்தியாவில் இலங்கையர் என்று ஒதுக்கப்பட்டார்கள். இந்த இரட்டை ஒதுக்கலைச் சொல்லாமல் நீலகிரியின் கடந்த அறுபது ஆண்டு வரலாறு முழுமை பெறாது.

கடலைத் தாண்டிய தலைமுறைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் இலங்கையின் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்களைத் திறந்தார்கள். அவற்றுக்கு ஆள் வேண்டியிருந்தது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், திருநெல்வேலி, புதுக்கோட்டைச் சீமைகளின் நிலமற்ற ஏழைகளைக் கங்காணிமார் என்ற ஆள்பிடிக்கும் மேற்பார்வையாளர்கள் முன்பணம் கொடுத்துத் திரட்டினார்கள். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் ஊரை விட்டுத் துரத்த, மக்கள் தோணியில் ஏறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். காலராவும் காய்ச்சலும் பசியும் அந்த வழியில் எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. 1869 முதல் பரவிய இலைத்துரு நோய் காப்பியை அழித்ததும் அதே மலைகளில் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவை. ஆகவே பருவத்துக்கு வந்து போன கூலிகள் குடும்பம் குடும்பமாக லயங்கள் என்ற வரிசை வீடுகளில் தங்கிவிட்டார்கள்.

மூன்று தலைமுறைகள் அங்கேயே பிறந்து, அங்கேயே மடிந்தன. 1953ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையின் இந்தியத் தமிழர் சுமார் 9,74,000 பேர், மொத்த மக்கள் தொகையில் 12 விழுக்காடு. அந்த நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கை ஈட்டித் தந்தவர்கள் இவர்கள்தான்.

குடியுரிமையைப் பறித்த சட்டங்கள்

1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலை குறைந்தபோது, இந்தியத் தொழிலாளரே அதற்குக் காரணம் என்ற பிரசாரம் கொழும்பில் வலுத்தது. 1939இல் அரசுத் துறைகளில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நீக்க இலங்கை அரசு முனைந்தது. அதே ஆண்டு ஜவகர்லால் நேரு கொழும்பு சென்றார். அவர் வருகையையொட்டி இந்திய வம்சாவளியினரின் அமைப்பாக இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. உடல் உழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு 1939 ஆகஸ்டு முதல் தடை செய்தது.

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களைப் பிடித்தது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்கு வெற்றி தேடித் தந்தன. ஆளும் கட்சி அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே, 1948இல், 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தைவழி முன்னோர் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்டுவோரே அந்த நாட்டின் வம்சாவளிக் குடிமக்கள் ஆனார்கள். பிறப்புப் பதிவே அரிதாக இருந்த தோட்டங்களில் இந்தச் சான்றுக்கு எங்கே போவது? 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழி திறந்தது போலத் தோன்றியது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தனர். சுமார் 1,34,000 பேருக்கே கிடைத்தது. அதே ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தம் குடியுரிமை இல்லாதவர்களின் வாக்குரிமையையும் எடுத்துவிட்டது. வாக்கு இல்லாத மக்களுக்காகப் பேச வேண்டிய தேவை எந்தக் கட்சிக்கும் இல்லாமல் போயிற்று.

இந்தியாவும் இவர்களைத் தன் குடிமக்களாகக் கொள்ளவில்லை. அவர்கள் இலங்கையில் வாழ்பவர்கள், இலங்கையே அவர்களுக்குப் பொறுப்பு என்பது நேருவின் நிலைப்பாடு. பதினாறு ஆண்டுகள் இந்த மக்கள் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமல் இருந்தார்கள்.

1964 உடன்பாடு

நேரு மறைந்த சில மாதங்களில், 1964 அக்டோபர் 30 அன்று, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் புதுடெல்லியில் உடன்பாடு கண்டார்கள். நாடற்றோர் எண்ணிக்கை 9,75,000 என்று கொள்ளப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவெடுப்பது எனப் பங்கு பிரிக்கப்பட்டது. 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த மீதியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்த மக்களின் வாழ்வு இப்படிப் பகிரப்பட்டதோ அவர்களிடமோ, அவர்களின் தொழிற்சங்கங்களிடமோ யாரும் ஒப்புதல் கேட்கவில்லை.

விண்ணப்பம் கோரியபோது இலங்கைக் குடியுரிமை கேட்டு வந்த மனுக்கள் ஒதுக்கிய இடங்களைப் பெரிதும் தாண்டின. போக விரும்பியவர்களைவிட இருக்க விரும்பியவர்களே அதிகம். ஆனாலும் சூழ்நிலை அவர்களை இந்தியாவை நோக்கித் தள்ளியது. 1970களின் முற்பகுதியில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973, 1974இல் உணவுப் பஞ்சம் லயங்களில் சாவு விழச் செய்தது. 1977 ஆகஸ்டிலும் 1983 ஜூலையிலும் கலவரங்கள் நடந்தன. 1953இல் 12 விழுக்காடாக இருந்த இந்தியத் தமிழர் பங்கு 1981 கணக்கெடுப்பில் 5.5 விழுக்காடாகக் குறைந்தது.

மண்டபம் வழியே

கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகம் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் வழங்கியது. தமிழகத்தில் எந்த இடத்தில், எந்தத் திட்டத்தில் மறுவாழ்வு என்பதும் அந்த அட்டையிலேயே குறிக்கப்பட்டது. பெயர்களும் வயதும் எழுதிய அந்த ஒரு தாளை வைத்துத்தான் பின்னாளில் ஒவ்வொரு அலுவலகத்திலும் தாங்கள் யார் என்று இவர்கள் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஈரத்திலும் கறையானிலும் அட்டையைப் பறிகொடுத்த குடும்பங்களின் பாடு பெரும்பாடு.

மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்று பெயர் வந்தது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைக் குடியுரிமையும் கிடைத்ததுண்டு. தாய் இங்கே, மகள் அங்கே எனக் குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம். அங்கிருந்து மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைக்குப் போன கூலிகளை நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்த அதே மண்டபம், இப்போது அவர்களின் பேரப்பிள்ளைகளை வரவேற்கும் இடமாயிற்று. உள்நாட்டுப் போர் மூண்டதால் 1984இல் கப்பல் நின்றது. அதற்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்திருந்தார்கள். இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும் வர முடியாமல் பல்லாயிரம் பேர் அங்கேயே தங்கினர்.

வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தொழில் கடன்தான் ஒதுக்கப்பட்டது. சுமார் ரூ. 5,000 கொடுத்துப் பெட்டிக்கடையோ துணி வியாபாரமோ தொடங்கச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் பழகிய கைகளுக்கு வியாபாரம் தெரியாது. தரகர்கள் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, மீதி சில மாதச் சாப்பாட்டுக்குப் போயிற்று. பூர்வீகக் கிராமத்துக்குப் போனவர்களுக்கு அங்கே நிலம் இல்லை, உறவுக்கும் நினைவில்லை. இவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். மலையக லயங்களில் ஓரளவு தளர்ந்திருந்த சாதிக் கட்டு, தமிழகத்துக் கிராமத்தில் சேரி, தனிக் குவளை என்று மீண்டும் கழுத்தைப் பிடித்தது.

நீலகிரியில் குடியேற்றம்

நீலகிரிக்கு இவர்கள் இரண்டு வழிகளில் வந்தார்கள். முதல் வழி அரசுத் திட்டம். 1968இல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1975இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, டான்டீயாக, மாறியது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தக் கழகம் குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பகுதிகளிலும், கோவை மாவட்டத்து வால்பாறையிலும் நாலாயிரம் ஹெக்டேருக்கு மேல் தேயிலை நட்டது. சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, நெல்லியாளம், தேவாலா, பாண்டியாறு என விரிந்த இத்தோட்டங்களில் காட்டை வெட்டிக் குழி தோண்டி நாற்று நட்டவர்கள் தாயகம் திரும்பியோரே.

இரண்டாவது வழி தாமாக வந்தது. சமவெளியில் தொழில் கடன் தீர்ந்து, பிழைக்க வழியின்றித் தவித்தவர்கள், நீலகிரியில் தேயிலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு மலையேறினார்கள். கோத்தகிரி, குன்னூர், குந்தா பகுதிகளில் படகர் சமூகத்தின் சிறு தேயிலைத் தோட்டங்கள் பெருகிவந்த காலம் அது. காய்கறியும் உருளைக்கிழங்கும் விளைந்த நிலங்களில் தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. கைத்திறன் மிக்க ஆட்கள் குறைந்த கூலிக்குக் கிடைத்தார்கள். 1971இல் 4,94,015 ஆக இருந்த மாவட்ட மக்கள் தொகை 1981இல் 6,30,169 ஆனது. பத்தாண்டில் தமிழகத்தின் வளர்ச்சி சுமார் 17.5 விழுக்காடு, நீலகிரியில் 27 விழுக்காட்டுக்கும் மேல். இந்த உயர்வுக்குத் தாயகம் திரும்பியோர் வருகை முக்கியக் காரணம்.

டான்டீயில் வேலை கிடைத்தவர்களுக்கு லைன் வீடும் மாதச் சம்பளமும் இருந்தன. மற்றவர்கள் ஓடைக்கரையிலும், புறம்போக்கிலும், சரிவான மேட்டிலும் மண் சுவரும் தகரக் கூரையுமாகக் குடிசை போட்டார்கள். காலை ஏழரைக்கெல்லாம் இடுப்பில் படங்கைச் சுற்றி, கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டி, பெண்கள் நிரையில் இறங்கினார்கள். மழைக்காலத்தில் அட்டைக்கடி, பனிக்காலத்தில் விரல் விறைப்பு. மாலையில் தராசில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் சில கிலோ கழிக்கப்படும். இலங்கையில் கண்ட அதே கணக்குத்தான் இங்கேயும்.

ஒதுக்கல் நடந்த விதம்

நீலகிரியில் இவர்கள் மீது காட்டப்பட்ட வேற்றுமைக்குப் பல முகங்கள் உண்டு. முதலாவது, சந்தேகம். 1983க்குப் பின் இலங்கைப் போர் தமிழகச் செய்தித்தாள்களை நிரப்பியபோது, இந்தியக் குடிமக்களான இவர்களையும் அகதிகள் என்றே ஊரார் எண்ணினார்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, இலங்கைத் தொடர்புடைய எவரையும் விடுதலைப் புலி என்று ஐயுறும் காலம் வந்தது. வடக்கு, கிழக்கின் போரோடு எந்தத் தொடர்பும் இல்லாத தோட்டக் குடும்பங்களும் தங்கள் பேச்சு வழக்கை மறைத்துப் பேசக் கற்றன.

இரண்டாவது, சான்றிதழ். சாதிச் சான்று கேட்டுப் போனால் பூர்வீகம் எது, முன்னோர் சான்று எங்கே என்ற கேள்வி. பாட்டன் எந்த ஊர் என்று வாய்மொழியாகத் தெரியும்; பத்திரமாக எதுவும் இல்லை. அந்த மாவட்டத்தில் போய் வாங்கி வா என்று திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்களுக்குக் கல்லூரி இடமும் உதவித்தொகையும் அரசு வேலையும் கை நழுவின. 1948இல் கொழும்பு கேட்ட அதே முன்னோர் சான்றைத்தான் தமிழகத்து அலுவலகங்களும் கேட்டன.

மூன்றாவது, நிலம். இதில் பகையின் வேரும் இருக்கிறது. கூடலூர், பந்தலூர் வட்டாரம் நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலமாக, அதாவது பரம்பரை உரிமை நிலமாக, இருந்தது. அந்த உரிமையை ஒழித்து, பயிரிடுவோர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாற்ற 1969இல் கூடலூர் ஜன்ம நிலச் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களின் உரிமை வழக்குகளில் நீண்டுகொண்டே போயிற்று. நாட்டின் காட்டுச் சட்ட வரலாற்றையே மாற்றிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு இந்த வட்டாரத்தின் காடுகள் வெட்டப்பட்டதிலிருந்து எழுந்ததுதான். அதில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த ஆணை காடு சார்ந்த எந்த நிலத்தையும் தொடுவதைக் கடினமாக்கியது. 'செக்சன் 17' நிலத்தில் வீடு கட்டியவர்களுக்குப் பட்டா இல்லை. பலருக்கு மின் இணைப்பும் இல்லை. மலையாளிகள், செட்டிகள், தாயகம் திரும்பியோர் என எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஆனால் ஆக்கிரமிப்பாளர் என்ற பழி முதலில் விழுந்தது தாயகம் திரும்பியோர் தலையில்.

பழங்குடியினரின் குறை இதைவிட ஆழமானது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் வாழ்ந்த காடுகளின் மேல்தான் முதலில் வெள்ளையர் தோட்டங்களும் பிறகு அரசுத் தேயிலையும் ஏறின. 1988 டிசம்பரில் கூடலூரில் ஆயிரக்கணக்கான பழங்குடியினர் நில உரிமை கோரிப் பேரணி நடத்தினார்கள். அவர்களின் கோரிக்கை முழுக்க நியாயமானது. ஆனால் காட்டைத் தேயிலையாக்க முடிவெடுத்தது அரசு. அரிவாளைக் கையில் வாங்கியவர்கள் வேறு போக்கிடம் இல்லாத கூலிகள். ஏழைகள் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல, முடிவெடுத்தவர்களை யாரும் கேட்கவில்லை.

உலகில் வேறோர் எடுத்துக்காட்டு

உழைப்பை வாங்கிக்கொண்டு உழைத்தவரைத் துரத்துவது இலங்கையில் மட்டும் நடந்ததன்று. அமெரிக்காவின் கலிஃபோர்னியா, டெக்சாஸ் மாநிலங்களின் வயல்களையும் ரயில் பாதைகளையும் உருவாக்கியவர்களில் மெக்சிகோ நாட்டவர் முன்னணியில் இருந்தார்கள். 1929இல் பெருமந்தம் வந்ததும் வெள்ளையரின் வேலையைப் பறிப்பவர்கள் என்று அவர்கள் மேல் பழி விழுந்தது. 1931 பிப்ரவரி 26 அன்று லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் லா பிளசீட்டா பூங்காவை அதிகாரிகள் சூழ்ந்துகொண்டு, உள்ளே இருந்த சுமார் 400 பேரிடம் ஆவணம் கேட்டார்கள். அந்தப் பத்தாண்டில் ரயிலேற்றி அனுப்பப்பட்டோர் எண்ணிக்கை 4 லட்சம் முதல் 20 லட்சம் வரை எனப் பலவாறாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. அந்த நடவடிக்கைக்கும் தாயகம் திருப்பி அனுப்புதல் என்றுதான் பெயர்.

இரண்டாம் உலகப் போரில் ஆள் தட்டுப்பாடு வந்ததும் 1942இல் அமெரிக்கா மீண்டும் மெக்சிகோவிடம் தொழிலாளரைக் கேட்டது. 'பிராசெரோ' என்ற அந்த ஒப்பந்தத் திட்டத்தின் கீழ் 46 லட்சம் அளவுக்கு ஒப்பந்தங்கள் போடப்பட்டன. சிறிமாவோ – சாஸ்திரி உடன்பாடு ஏற்பட்ட 1964ஆம் ஆண்டின் இறுதியிலேயே அந்தத் திட்டமும் முடிந்தது. 1930களின் வெளியேற்றத்துக்காகக் கலிஃபோர்னியா மாநிலம் 2005இல் சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டது.

இன்றைய நிலை

நீலகிரியில் தாயகம் திரும்பியோரின் கதை இன்னும் முடியவில்லை. டான்டீ தொடர்ந்து நட்டத்தில் ஓடியதால், 2022இல் சுமார் 2,152 ஹெக்டேர் தோட்ட நிலத்தை வனத்துறையிடம் திருப்பித் தரத் தமிழக அரசு முடிவெடுத்தது. பணி ஓய்வு பெற்றவர்கள் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற நிலை வந்ததும் கூடலூர், பந்தலூர் பகுதிகளில் போராட்டம் வெடித்தது. நாற்பது ஆண்டு உழைத்த தோட்டத்தில் ஒரு சென்ட் நிலம் கூடச் சொந்தமில்லை என்பது அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஓய்வு பெற்ற தொழிலாளர்களுக்கு வீடு கட்டித் தருவதாக அரசு அறிவித்தது. யானைகள் புழங்கும் இந்தப் பகுதியில் வேலிக்கு வெளியே குடியிருப்பதே உயிருக்கு ஆபத்து என்பதால், வீடு எங்கே அமைகிறது என்பதும் பட்டா கிடைக்கிறதா என்பதும் இம்மக்களுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி.

குடியுரிமைக் கேள்வியும் முற்றுப் பெறவில்லை. 1983க்குப் பின் அகதிகளாக வந்து முகாம்களில் தங்கியவர்களில் பல்லாயிரம் பேர் மலையகத்தைச் சேர்ந்தவர்கள்; 1964 உடன்பாட்டின்படி இந்தியக் குடியுரிமை பெற்றிருக்க வேண்டியவர்கள் அவர்களில் உண்டு. இவர்களின் கோரிக்கையைக் கனிவோடு பரிசீலிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் கூறியது. அதே ஆண்டு நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையிலிருந்து வந்தோர் சேர்க்கப்படவில்லை. கடலுக்கு அப்பால் இலங்கை 2003இல் சட்டமியற்றி, மிஞ்சியிருந்த நாடற்ற மலையகத் தமிழருக்குக் குடியுரிமை வழங்கியது. 2023இல் தம் முன்னோர் வந்த 200ஆவது ஆண்டை நினைவுகூர்ந்து மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள்.

இதற்கிடையே நீலகிரித் தோட்டங்களில் புதிய முகங்கள் தோன்றியுள்ளன. தாயகம் திரும்பியோரின் பிள்ளைகளில் பலர் திருப்பூர், கோவை ஆலைகளுக்கு இறங்கிப் போய்விட, அவர்கள் விட்டுச் சென்ற நிரைகளில் ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா, பீகார் மாநிலத்தவர் கொழுந்து பறிக்கிறார்கள். மாவட்ட மக்கள் தொகையும் 2001இல் 7,62,141 ஆக இருந்து, 2011இல் 7,35,394 எனக் குறைந்தது. புதிதாக வந்தவர்களைப் பார்த்துப் பழைய பேச்சுகள் மீண்டும் கேட்கின்றன: குறைந்த கூலிக்கு வந்து நம் வேலையைக் கெடுக்கிறார்கள், எங்கிருந்தோ வந்தவர்கள், நம்ப முடியாது. 1930களில் கொழும்பிலும் லாஸ் ஏஞ்சலீஸிலும், 1980களில் கோத்தகிரியிலும் கூடலூரிலும் சொல்லப்பட்டவை இதே சொற்கள்தான். 2023 மார்ச்சில் தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, அச்சத்தில் பலர் ஊர் திரும்பிய நிகழ்வு, இத்தகைய பிளவு எவ்வளவு எளிதில் மூட்டப்படும் என்பதைக் காட்டியது.

மூன்று செய்திகள் இந்த வரலாற்றில் தெளிவாகத் தெரிகின்றன. ஒதுக்கல் முதலில் சட்டத்திலும் சான்றிதழிலும் தொடங்கி, பிறகுதான் தெருவுக்கு வருகிறது. ஆளைக் கூலிக்குக் கூப்பிடும் தொழில், அவரைக் குடிமகனாக ஏற்கும் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறது. ஏழையை ஏழைக்கு எதிராக நிறுத்துவதால் ஆதாயம் அடைவோர் எப்போதும் வேறு யாரோ. தாயகம் திரும்பியோருக்குக் குடியிருக்கும் இடத்துக்குப் பட்டாவும், தடையின்றிச் சாதிச் சான்றும், பழங்குடியினருக்கு அவர்களின் நிலமும் வழங்குவது அரசின் கடன். சிலோன்காரர் என்று ஒரு தலைமுறையை ஒதுக்கிய தவற்றை, இன்று ஜார்க்கண்டிலிருந்து வந்து அதே லைன் வீடுகளில் குடியிருப்பவர்களிடம் நீலகிரி மறுபடியும் செய்யக் கூடாது.

(தொடரும்)